அக்கிரிலிக் பேனாவில் பித்தளை தெரியாமலிருக்க: குழாய்க்கும் துளைக்கும் நிறம் பூசும் முறை

கடைந்து முடித்த நீல அக்கிரிலிக் பேனா ஒன்றை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். கட்டையாக இருந்தபோது கண்ணைப் பறித்த அந்த நீலம் பேனாவின் நடுப்பகுதியில் ஓரளவு அப்படியே இருக்கும்; முனைகளை நெருங்க நெருங்க மங்கி, பாசி படிந்த குளத்து நீரைப் போல் பச்சை கலந்து தெரியும். அடியிலுள்ள பித்தளைக் குழாயின் மஞ்சள் நீலத்தின் ஊடாக மேலே வருவதனால் ஏற்படும் கலங்கல் அது. இன்னும் உற்றுப் பார்த்தால் பசை போய்ச் சேராத இடங்கள் புள்ளிகளாகவும், துளையிட்ட பிட்டின் தடங்கள் மெல்லிய வளையங்களாகவும் தெரியும். எவ்வளவுதான் மெருகேற்றினாலும் இவை போகமாட்டா. ஏனென்றால் குறை மேற்பரப்பில் இல்லை.

இத்தகைய பேனாவுக்கு அக்கிரிலிக் கட்டையைத் துளைத்து, பித்தளைக் குழாயை அதற்குள் ஒட்டி, பின்னர் லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் கடைகிறோம். குழாய் வெளியே தெரிவதற்குக் காரணம் தடிப்புத்தான். பரவலாகச் செய்யப்படும் ஸ்லிம்லைன் வகைப் பேனாவில் 7 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 மில்லிமீட்டர் நீளமானது. முனையை எந்த அளவுவரை கடைய வேண்டும் என்பதைக் காட்டும் புஷிங்கின் விட்டம் 8.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே முனையில் குழாயைச் சுற்றி எஞ்சும் அக்கிரிலிக் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் மட்டுமே. 19 மில்லிமீட்டர் சதுரக் கட்டையாகக் கையில் இருக்கும்போது தெரிகிற நிறத்தை அந்த மெல்லிய தோலிலும் எதிர்பார்ப்பதென்றால், அடியில் நாமே ஒரு நிறத்தை வைத்தாக வேண்டும்.

எந்தக் கட்டைக்கு இது தேவை

எல்லாக் கட்டைகளுக்கும் தேவையில்லை. கட்டையின் முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் சீவல் ஒன்றை அறுத்தெடுத்து, அச்சடித்த கடதாசியின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் பித்தளையும் தெரியும். சுழல் சுழலாக நிறங்கள் ஓடும் கட்டைகளில் ஒரு சீவலை மட்டும் நம்பக்கூடாது. முத்துப்போல் மினுங்கும் கோடுகள் ஒளியை மறைக்கும், அவற்றுக்கு இடையிலுள்ள பகுதிகளோ கண்ணாடிபோல் விட்டுவிடும். வெள்ளைக் கட்டைகள் பார்வைக்கு அடர்த்தியாகத் தோன்றினாலும் மெல்லியதாகக் கடைந்தபின் பழுப்பேறிய பல்லைப் போல் ஆகிவிடுவதால், வெள்ளைக்கு நான் சோதனையே செய்வதில்லை, நேராகப் பூசிவிடுவேன்.

நிறத்தைத் தெரிவு செய்தல்

கட்டையின் நிறத்துக்கு ஒத்த நிறத்தையே உள்ளே பூச வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் பல வேளைகளில் அதைவிட நல்ல தெரிவு இருக்கிறது. வெள்ளை அடியில் இருந்தால் வந்த ஒளி முழுவதும் திரும்பிச் செல்வதால் நிறம் வெளிறி, துலக்கமாகத் தெரியும். மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகியவற்றுக்கு அது பொருந்தும். கறுப்பு அடியில் இருந்தால் முத்துமினுக்கம் கொண்ட கட்டைகளுக்கு ஆழம் கூடும். மினுங்கும் துகள்கள் மட்டும் மேலே நிற்க, மற்றவை இருளில் அமிழ்ந்துவிடும். ஆனால் மினுக்கம் இல்லாத வெறும் தெளிந்த சிவப்புக்கு அடியில் கறுப்பைப் பூசினால், அது சிவப்பாகவே இராது. பேனா தூரத்திலிருந்து கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளிநிறப் பெயின்ட் தெளிந்த நிறங்களுக்கு ஒரு பளபளப்பைக் கொடுக்கும், ஆனால் பூச்சில் உள்ள ஒவ்வொரு கோட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஊகத்தில் முடிவெடுக்க வேண்டாம். முன்பு அறுத்த அதே சீவலின் பின்புறத்தை நான்காகப் பிரித்து, வெள்ளை, கறுப்பு, வெள்ளி, ஒத்த நிறம் என நான்கையும் பூசி, காய்ந்தபின் திருப்பிப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. பூசிய நிறத்தைக் கடதாசியில் தடவி அதன்மேல் சீவலை வைப்பது போதாது. இடையில் காற்று இருப்பதனால் நிறம் உண்மையைவிட வெளிறித் தோன்றும்.

குழாயில் பூசுவதா, துளையில் பூசுவதா

தொடங்குபவர்கள் குழாய்க்கு வெளிப்புறம் பூசுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏனென்றால் அது எளிது. பித்தளையின் மஞ்சள் மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பூசிய குழாய்க்கும் அக்கிரிலிக்குக்கும் நடுவே பசையின் படலம் ஒன்று இருக்கிறது, அதில் ஒரு குமிழி இருந்தாலும் அது வெளியே தெரியும். தெளிந்த கட்டையில் இது இன்னும் மோசம்.

துளையின் உட்சுவரிலேயே பூசிவிட்டால் நிறம் அக்கிரிலிக்கோடு ஒட்டி நிற்கும். பசை, குமிழி, குழாய் எல்லாம் நிறத்துக்குப் பின்னால் போய்விடும். ஆகவே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் துளையைப் பூசுங்கள். இரண்டையும் ஒரே நிறத்தில் பூசுவது காப்பீடு போன்றது: குழாயைச் செருகும்போது உட்சுவரில் எங்கேனும் ஒரு கீறல் விழுந்தாலும், அதன் வழியே தெரிவது பித்தளையாக இல்லாமல் அதே நிறமாக இருக்கும்.

துளையிடுதல்

பெயின்டுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதைத் துளையிடும்போதே நினைவில் வைக்க வேண்டும். காய்ந்த பூச்சொன்றின் தடிப்பு 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பூச்சுகள் துளையின் விட்டத்தில் 0.2 மில்லிமீட்டரைக் குறைத்துவிடும். குழாயிலும் ஒரு பூச்சு ஏறினால் இன்னும் 0.1 போய்விடும். பூசாத குழாயே 7 மில்லிமீட்டர் துளையில் சில வேளைகளில் இறுக்கமாகப் போகும் நிலையில், 7.2 அல்லது 7.3 மில்லிமீட்டர் பிட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது. பூசாத குழாய் துளைக்குள் தானாகவே நழுவி விழுந்து, ஆட்டினால் லேசாகத் தடதடக்க வேண்டும்.

அக்கிரிலிக் சுமார் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது இளகிவிடும் பொருள். வேகமாகத் துளைத்தால் உட்சுவர் உருகி, பிட்டில் சுற்றி, துளை கோணலாகும். பிட்டைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஐந்து ஆறு மில்லிமீட்டர் இறங்கியதும் வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிட்டு, சிறிது தண்ணீர் தெளித்து மீண்டும் இறக்க வேண்டும். அவசரத்தில் சூடேறிய சுவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் இறுக்கம் தங்கிவிடும். பின்னர் இரசாயனம் ஏதேனும் பட்டால் மெல்லிய வெடிப்புகளாக வெளிப்படும். கட்டையைக் குழாயைவிடப் பத்து மில்லிமீட்டர் நீளமாக விட்டு, மறுமுனையைத் துளைக்காமல் நிறுத்தி, அந்தத் துண்டை அறுத்து நீக்கினால் வெளியேறும் முனை சிதறாது.

கழுவுதலும் தண்ணீர்ச் சோதனையும்

துளையைச் சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில், போத்தல் கழுவும் சிறு தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அசிற்றோன், தின்னர் ஆகியவற்றை அக்கிரிலிக்கின் அருகே கொண்டுவரவே கூடாது. ஸ்பிரிட்டும் வேண்டாம், துளையிட்டபோது இறுக்கம் தங்கிய சுவரில் அதுவும் வெடிப்பை உண்டாக்கக்கூடும்.

துளை ஈரமாக இருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஒரு முனையை விரலால் அடைத்து, துளையைத் தண்ணீரால் நிரப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சற்று முன்னர் பனிபடர்ந்த கண்ணாடிபோல் மங்கியிருந்த சுவர் சட்டென்று தெளிந்துவிடும், ஏனென்றால் சிறு கீறல்களைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. பெயின்டும் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது. தண்ணீர் நிரம்பிய பின்னும் மறையாமல் நிற்கும் வளையங்கள் பெயின்டுக்குப் பின்னும் நிற்கும். அப்படி இருந்தால் மெல்லிய குச்சியில் 400 இலக்க உப்புத்தாளைச் சுற்றித் துளைக்குள் உருட்டித் தேய்த்து, மீண்டும் கழுவி, மீண்டும் நிரப்பிப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டாலும் இலேசாக ஒருமுறை தேய்ப்பது நல்லது. வழவழப்பான சுவரில் பெயின்ட் சரியாகப் பிடிப்பதில்லை.

துளைக்குள் பூசுதல்

தண்ணீரில் கரையும் அக்கிரிலிக் பெயின்ட், கைவினைக்காகச் சிறு போத்தல்களில் விற்கப்படுவது, இதற்குப் போதும். ஸ்ப்ரே பெயின்டைத் துளைக்குள் அடிக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் சுவரைத் தாக்கும், குறுகிய துளைக்குள் வெளியேற வழியின்றி நெடுநேரம் தங்கியும் இருக்கும். பெயின்ட் தோசை மாவைவிடச் சற்று இளகலாக, குச்சியில் தோய்த்து உயர்த்தினால் நூலாக இறங்கும் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சில துளி தண்ணீர் சேர்த்து, குமிழி எழாதவாறு மெதுவாகக் கலக்குங்கள்.

ஊசி இல்லாத சிறிய சிரிஞ்ச் ஒன்றில் பெயின்டை எடுத்து, கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, மேல்முனையின் விளிம்பைச் சுற்றி விடுங்கள். அது வழிந்து இறங்கும்போது கட்டையைச் சுழற்றினால் சுவர் முழுவதும் நனைந்துவிடும். நனையாத இடங்களைக் காதுக்குடம்பியால் தொட்டுவிட்டு, மிச்சத்தைக் கீழே வடியவிட்டு, கட்டையை இரண்டு தீக்குச்சிகளின் மேல் நிமிர்த்தி வையுங்கள். பலகையில் நேராக வைத்தால் கீழ்முனையில் பெயின்ட் தேங்கிப் புட்டுப்போல் கட்டியாகும். அரை மணித்தியாலத்துக்குப் பின் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்துப் பதறி அப்போதே இன்னும் அப்பக்கூடாது. அது காய்ந்தபின் இரண்டாவதைக் கொடுங்கள்.

மலைநாட்டில் காய வைத்தல்

இந்த வேலையைப் பற்றி வெளியூர்களில் எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் "ஓரிரவு காயவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடும். இலங்கை மலைநாட்டில் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத இரவொன்றில் அந்த ஓரிரவுக்கு எந்தப் பொருளும் இல்லை. தண்ணீர்ப் பெயின்ட் காய்வதென்பது தண்ணீர் ஆவியாவதோடு முடிவதில்லை; பெயின்டிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாக வேண்டும். குளிர் 10 பாகையை நெருங்கினால் அந்த இணைப்பே சரியாக நிகழாது. காய்ந்ததுபோல் தோன்றும், ஆனால் விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் உதிரும்.

எந்தப் பக்கத்து மலையில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் தென்மேல் பருவக்காற்று வைகாசியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் ஈரமும் மூடுபனியும்தான். அதே மாதங்களில் மலைக்கு அப்பால் பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் அந்தக் காலத்தில்தான். ஊவாவிலிருக்கும் ஒருவர் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு மேற்குச் சரிவில் மூன்று நாள் தேவைப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். கொழுந்தை வாட்டுவதற்கு முதலில் தேவைப்படுவது அனல் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் காற்று. துளைக்குள் இருக்கும் பெயின்டும் அப்படித்தான்: குறுகிய துளையில் ஈரக்காற்று அப்படியே நின்றுவிடுகிறது, அதை யாராவது வெளியே தள்ள வேண்டும். நான் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு மின்விசிறியையும், உள்ளே, அட்டையில் படாதபடி, 40 வாட் குண்டு பல்பு ஒன்றையும் பொருத்தி, கட்டைகளைக் கம்பித்தட்டில் நிறுத்திவைக்கிறேன். உள்ளே கைவைத்தால் இளஞ்சூடாக, 30 முதல் 35 பாகை அளவில் இருந்தால் போதும். ஆள் இல்லாத வேளையில் பல்பை எரியவிடுவதில்லை. அடுப்புக்கு மேலே வைக்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். அங்கே சூடு இருக்கிறது, ஆனால் சோற்றுப்பானையின் ஆவியும் இருக்கிறது.

நான் இதைச் சொல்வது பட்டறிவில். இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓர் ஆனி மாதத்தில், ஓய்வுபெறும் ஆசிரியை ஒருவருக்காக முத்துநீலக் கட்டையொன்றைக் கறுப்புப் பூசிச் செய்துகொண்டிருந்தேன். மாலையில் பூசி, காலையில் குழாயைச் செருகினேன். கடைந்து மெருகேற்றிய பின்னரே தெரிந்தது, கிளிப்புக்கு நேர் எதிரே, அரிசிமணியளவு பிறைவடிவத்தில் பித்தளை மஞ்சளாக எட்டிப்பார்ப்பது. குழாயின் விளிம்பு ஈரப் பெயின்டை வழித்துக்கொண்டு போயிருந்தது. அந்தக் குழாய்க்கும் நான் நிறம் பூசியிருக்கவில்லை.

காய்ந்துவிட்டதா என்று அறிய, ரிஷூக் கடதாசியைத் திரியாக உருட்டித் துளைக்குள் இறுக்கமாகச் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். நிறம் ஒட்டியிருந்தாலோ உதிர்ந்திருந்தாலோ பெட்டிக்குள் திரும்பப் போகட்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு முழுநாள், கடைசிப் பூச்சுக்கு இரண்டு நாள் என்பது என் கணக்கு.

குழாயைத் தயார் செய்தல்

குழாயின் வெளிப்புறத்தை 150 அல்லது 220 இலக்க உப்புத்தாளால், நீளவாக்கில் அன்றிக் குறுக்காகத் தேய்த்து, பளபளப்பு முழுவதும் போகச் செய்யுங்கள். பித்தளைக்கு அசிற்றோன் தீங்கு செய்யாது. அதனால் துடைத்தபின் விரல் படக்கூடாது. குச்சியில் செருகி நிறுத்திவைத்து, மெல்லிய ஒரே பூச்சு. ஸ்ப்ரேயை இங்கே பயன்படுத்தலாம், ஆனால் மூடுபனி உள்ள நாளில் வேண்டாம்: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, கறுப்புப் பூச்சு சாம்பல்நிறமாக வெளுத்துவிடும். குழாயின் உள்ளே பெயின்ட் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பேனாவின் உறுப்புகள் பின்னர் அழுத்தப்பட வேண்டிய இடம் அது.

ஒட்டுதல்

இரண்டு பாகம் கலக்கும் எபொக்சியே இதற்கு ஏற்றது. சுப்பர் குளூ பாதிவழியில் இறுகிக் குழாயைச் சிக்கவைத்துவிடும், சில பெயின்டுகளை இளக்கியும் விடும். நுரைத்துப் பெருகும் பொலியுரேத்தேன் பசை, குழாயை மெல்ல வெளியே தள்ளும். எபொக்சிக்கும் அதே நிறத்தைச் சேர்க்க விரும்பினால் உலர்ந்த நிறத்தூளைச் சிறிதளவு கலக்கலாம். தண்ணீர்ப் பெயின்டை அதில் விட்டால் அது சரியாக இறுகாமல் போகலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள், எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

குழாய்க்குள் பசை புகாமலிருக்க அதன் முனையை அடைக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் பொருள் உருளைக்கிழங்கு. அரை அங்குலத் தடிப்பில் ஒரு வில்லையை வெட்டி, குழாயின் முனையை அதில் அழுத்தி எடுத்தால் கிழங்கு கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். வெளிப்புற ஈரத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். துளைக்குள் சிறிதும் குழாயின் மேல் மெல்லியதாகவும் எபொக்சியைத் தடவி, குழாயைச் சுழற்றிக்கொண்டே, ஆனால் தேய்க்காமல், ஒரே திசையில் உள்ளே செலுத்துங்கள். முன்னும் பின்னுமாக இழுப்பது பூசாத துளைகளுக்குச் சொல்லப்பட்ட முறை. பூசிய துளையில் அது நிறத்தைச் சுரண்டிவிடும். ஐந்து நிமிட எபொக்சி என்று எழுதியிருந்தாலும் நம் குளிரில் அது மெதுவாகவே இறுகும். 24 மணித்தியாலம் விட்டுவிடுங்கள். கிழங்கை மட்டும் அன்று மாலையே குச்சியால் தள்ளி எடுத்துவிடலாம்.

முனை சீவுதலும் கடைதலும்

கட்டையின் முனையைக் குழாயின் விளிம்புக்குச் சமமாகச் சீவும் வெட்டுக்கருவியான பேனா மில்லால் முனையைச் சீவும்போது பித்தளை வளையமாகப் பளிச்சிட்டதும் நிறுத்துங்கள். பூசிய குழாயில் அந்தப் பளிச்சிடல் மங்கலாகத் தெரிவதால், முனையில் மார்க்கரால் கறுப்பு பூசிவிட்டுச் சீவினால் கண்ணுக்கு எளிது.

கடையும்போது சூடுதான் எதிரி. அக்கிரிலிக்கைப் பிடித்திருப்பது பெயின்ட், பெயின்டைப் பிடித்திருப்பது எபொக்சி. இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி பெயின்டுக்கும் அக்கிரிலிக்குக்கும் இடையிலானது. மொட்டை உளியால் அழுத்தினாலோ உலர்ந்த உப்புத்தாளை ஒரே இடத்தில் பிடித்தாலோ அந்த இடத்தில் அது விட்டுப்போய், இடையில் காற்று புகுந்து, நிறத்துக்கு நடுவே வெள்ளிபோல் மினுங்கும் திட்டொன்று தோன்றும். உளியை அடிக்கடி தீட்டுங்கள், மெருகேற்றுவதைத் தண்ணீரோடு செய்யுங்கள். 1500 முதல் 12000 வரையான மைக்ரோ மெஷ் அட்டைகள் எல்லாம் ஈரத்தோடு பயன்படுத்தவே உகந்தவை. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் லேத்தை ஓட்ட வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெள்ளித் திட்டோ பித்தளைப் பிறையோ வந்துவிட்டால் வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை. முனையின் விளிம்பை ஒட்டி வந்திருந்தால் மட்டும், நீர்போல் இளக்கிய பெயின்டை ஊசிமுனையால் இடுக்கில் விட்டுப் பார்க்கலாம். சில வேளைகளில் அது உள்ளே இழுக்கப்பட்டு மறைந்துவிடும். நடுவில் வந்தால் அக்கிரிலிக்கை முழுவதும் கடைந்து நீக்கி, குழாயை மட்டும் மீட்டு, அடுத்த கட்டைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியைக்கான அந்த நீலப் பேனாவை நான் அப்படித்தான் செய்தேன். மீட்ட குழாயில் அம்முறை கறுப்புப் பூசி, இரண்டாவது கட்டையை நான்கு நாள் பெட்டிக்குள் வைத்திருந்து, விழாவுக்கு முதல்நாள் இரவு கிளிப்பை அழுத்தினேன்.